ஏழாவது கட்டம்

786
செஞ்சி
4-2-1985

விழுப்புரம் தனகோட்டி பம்ப்ஸ் பி.எப். டிரஸ்டின் செயலாளர் செல்லப்பனுக்கு, பழைய ஸ்டோர் கீப்பர் ஜகபர் அலி எழுதுவது.

வேலை போய் ஒரு வருடம் கழித்து நீ அனுப்பிய, பி.எப். பணம் எடுக்கும் பாரம் வந்தது. கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். அவற்றைப் பார்த்தேன். ஏழாவது கட்டத்தையும் பார்த்தேன். 'வேலையை விட்ட காரணம்' என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு நேரே 'உடல்நலக் குறைவு' என்று டைப் அடித்திருக்கிறாய்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. போன வாரம் சிங்கவரம் வரை சைக்கிள் மிதித்துப் போய் ஒரு ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

நீ ஏன் அப்படி டைப் அடித்தாய் என்பது தெரிகிறது. மேல்சித்தாமூர் வக்கீல் குமாஸ்தா தரணேந்திர நயினாரிடம் பழைய வருமான வரிச் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். "வருமானமே இல்லாத பாய்க்கு வருமான வரி புக்கு எதுக்கு?" என்று சிரித்தார். "இல்லாததாலதான் படிக்க நேரம் இருக்குது" என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலாவது அட்டவணையைப் படிக்க நாற்பது நாள் ஆனது.

ஐந்து வருடம் விடாமல் வேலை செய்தவன் பி.எப். பணத்தை எடுத்தால் வரி இல்லை. அதற்கு முன்னால் தானாக விட்டுப் போனவனுக்கு உண்டு. கம்பெனி போட்ட பங்கையும் வட்டியையும் அவனுடைய வருமானத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். எனக்கு நான்கு வருடம் எட்டு மாதம். ஆனால் வேலைக்காரனின் உடல்நலம் கெட்டாலோ, கம்பெனி ஆட்களைக் குறைத்தாலோ, மூடினாலோ, அவன் கையை மீறிய வேறு காரணத்தால் வேலை போனாலோ, ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் வரி இல்லை. நீ எனக்கு முதல் காரணத்தைக் கொடுத்திருக்கிறாய். எனக்கு உரியது கடைசிக் காரணம்.

போன வருடம் பொங்கலுக்கு முந்தின நாள், கடலூர் டீலருக்குப் போகும் லாரி நிற்கிறது என்று நீயே ஸ்டோருக்கு ஓடி வந்தாய். "அண்ணே, பேரிங் பன்னெண்டு பெட்டி குடுங்க, சீட்டு நாளிக்கு அனுப்பறேன்" என்றாய். அலுவலகத்தின் சீட்டு இல்லாமல் நான் ஒரு நட்டுகூடக் கொடுத்ததில்லை. முதலாளி மகனுக்கே கொடுத்ததில்லை. உனக்குக் கொடுத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது பன்னிரண்டு பெட்டி குறைந்தது. மானேஜர் துரைக்கண்ணு அறையில் நீயும் நின்றாய். "பாய், எடுத்திருந்தா சொல்லிடு. சம்பளத்துல புடிச்சிக்கலாம். எழுதிக் குடு, இல்லன்னா நாளிக்கு வேலைக்கு வராத" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்தாய். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகையால் ஏழாவது கட்டத்தில் இப்படி டைப் அடித்து அனுப்பு: 'வேலைக்காரரின் கையை மீறிய காரணம். அலுவலகம் கொடுக்க வேண்டிய சீட்டைக் கொடுக்காததால் இவர் மேல் தவறாகக் குறை சாட்டி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.' கட்டம் சின்னது என்றால் பின்பக்கம் தொடரலாம்.

இப்படிக்கு,
எஸ். ஜகபர் அலி


உ
விழுப்புரம்
17-2-1985

என்றும் மதிப்புள்ள ஜகபர் அண்ணனுக்குத் தம்பி செல்லப்பன் வணக்கம்.

இங்கே எல்லோரும் சௌகரியம். அண்ணியும் மகள் சாகிராவும் எப்படி இருக்கிறார்கள்? நீங்கள் கொடுத்த முருங்கைக் கொம்பு காய்க்க ஆரம்பித்துவிட்டதென்று மீனம்பாள் சொல்லச் சொன்னாள். காயை எண்ணிச் சொல்லவும் சொன்னாள். பதினெட்டு.

உங்கள் கடிதத்தில் 'தம்பி' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன் அண்ணே. ஓரிடத்திலும் இல்லை. ஒரே தெருவில் வளர்ந்தோம். செயலாளர் என்று கூப்பிடும் அளவுக்கு நான் என்ன ஆகிவிட்டேன்?

சீட்டு விஷயம், அன்றைய வேலை அவசரத்தில் அடியோடு மறந்துபோனது. நினைவிருந்தால் அந்த அறையிலேயே சொல்லியிருக்க மாட்டேனா? இப்போது நீங்கள் கேட்கிறபடி டைப் அடித்தால் அது மானேஜர் கையெழுத்துக்குத்தான் போக வேண்டும். அவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். எனக்கு இன்னும் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டும். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஆனால் வேறு வழி இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டோருக்கு ஆள் கேட்கிறார்கள். நான் பேசிவிட்டேன். அங்கேயும் அங்கீகாரம் வாங்கிய பி.எப். இருக்கிறது. நீங்கள் சேர்ந்தால் அங்கே உங்கள் பேரில் தனிக்கணக்கு தொடங்குவார்கள். இங்கே இருக்கிற பணம் முழுவதையும் அந்தக் கணக்குக்கு நேராக மாற்றிவிடலாம். உங்கள் கைக்கு வராததால் ஒரு பைசா வரி கிடையாது. இங்கே செய்த நான்கு வருடம் எட்டு மாதமும் அங்கே சேர்ந்துகொள்ளும். அதற்கு வேறு பாரம். அதில் காரணம் கேட்கும் கட்டமே இல்லை.

ஒரு வரி 'சரி' என்று எழுதுங்கள் அண்ணே.

உங்கள் அன்புத் தம்பி,
செல்லப்பன்


786
செஞ்சி
2-3-1985

தம்பி செல்லப்பனுக்கு,

கேட்டாய், எழுதிவிட்டேன்.

நீ சொல்வது சட்டப்படி சரி. புத்தகத்தில் பார்த்தேன். ஒரு கம்பெனியின் நிதியிலிருந்து இன்னொரு கம்பெனியில் என் பேரில் இருக்கும் தனிக்கணக்குக்குப் பணம் போனால், அதற்கு வரி போடுவதில்லை. வருடங்களும் கூடவே போகும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் வருடங்கள் கூடவே போனால் பன்னிரண்டு பெட்டியும் கூடவே போகும். உங்கள் லாரி டிரைவர்கள் திண்டிவனத்தில் டீ குடிக்காமல் தாண்டுவதில்லை. "விழுப்புரத்துல பேரிங் காணாமப் போச்சே, அந்த பாயா இவரு?" என்று ஒருவன் கேட்பான். நான் என்ன பதில் சொல்வது? பாரத்தில் அந்தக் கட்டமே இல்லை என்று சொல்லவா?

பஷீர் அகமதுவின் இரும்புக் கடையில் உட்காருகிறேன். மச்சான் கடை. கல்லாப் பெட்டியை அவனே பார்த்துக்கொள்கிறான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு பெட்டி ஆணி குறைந்தது. எடை போட்ட பையன் தப்பாகப் போட்டிருந்தான், பிறகு தெரிந்தது. அது தெரிவதற்குள் இரண்டு நாள் கடையில் யாரும் என்னோடு பேசவில்லை.

உன் அண்ணியும் உன் கட்சிதான். அவளுக்கு வயிற்று வலி. பாண்டிச்சேரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்கிறாள். "வரியக் கட்டித் தொலைங்களேன், மீதி வந்தா போதும்" என்றாள். வரி கட்டினால் நானாக விட்டுப் போனேன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும், எடுத்தவன்தான் தானாகப் போவான் என்றேன். "ஆவட்டுமே. கவர்மென்ட்டு உங்கள நல்லவருன்னு சொன்னா எனக்கு வலி நின்னுடுமா?" என்றாள். அவள் வலி நிஜம். அதனால் அவள் சொன்னது சரி என்று ஆகாது.

திண்டிவனம் வேண்டாம். ஏழாவது கட்டத்தை அனுப்பு.

ஜகபர் அலி


உ
விழுப்புரம்
9-6-1985

அன்புள்ள அண்ணனுக்குச் செல்லப்பன் வணக்கம்.

மூன்று மாதம் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். திண்டிவனத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அந்த வழி அடைந்துவிட்டது.

அண்ணி படுத்துவிட்டார்கள் என்று செஞ்சி பஸ் கண்டக்டர் சொன்னார். மனசே சரியில்லை. வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். உங்கள் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று திரும்பிவிட்டேன். மீனம்பாள் திட்டினாள்.

இத்துடன் ஒரு டாக்டர் சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். தெரிந்த டாக்டர்தான். போன வருடம் பிப்ரவரியில் உங்களுக்கு நெஞ்சு வலி என்று எழுதியிருக்கிறார். இதைப் பாரத்தோடு சேர்த்தால் வருமான வரி ஆபீசில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எட்டாயிரத்துச் சொச்சம், முழுசாக, பதினைந்து நாளில் வரும். அண்ணிக்காகவாவது போடுங்கள். ஏழாவது கட்டத்தை யார் அண்ணே படிக்கப் போகிறார்கள்?

தம்பி,
செல்லப்பன்


786
செஞ்சி
21-11-1985

தம்பி செல்லப்பனுக்கு,

உன் அண்ணி அசீசுன்னிசா போன வியாழக்கிழமை இறந்துபோனாள். பகல் பதினொரு மணி இருக்கும். மழை விடட்டும் என்று காத்திருந்து நான்கரைக்கு அடக்கம் செய்தோம். பஷீர் அகமது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். உன் தந்தி மறுநாள் வந்தது. ஆறு மாதம் படுத்திருந்தாள். நீ ஒரு தடவைகூட வரவில்லை. இதைக் கோபமாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கடன் வாங்கி ஆகஸ்டில் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். கஷ்டம் என்றார், முடியாது என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் உன் பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால் மார்ச்சில் போயிருக்கலாம். நீ இதை மனதுக்குள் நினைப்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். சாகிராவும் இதை நினைக்கிறாள். சொல்லவில்லை. சோறு போட்டுவிட்டு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள். சரியாக இருக்கிறது என்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

இனி பாரம் பற்றி. நீ ஜூனில் அனுப்பிய டாக்டர் சர்டிபிகேட்டை இத்துடன் திருப்பியிருக்கிறேன். அப்போதே அனுப்பியிருக்க வேண்டும், வைத்த இடம் மறந்துவிட்டது. சட்டம் சொல்வது வேலைக்காரனின் உடல்நலத்தை. அவன் மனைவியின் உடல்நலத்தை அல்ல. என் நெஞ்சில் வலி எதுவும் இல்லை. இப்போதும் இல்லை.

பணத்துக்கு இனி அவசரம் கிடையாது. வாங்கிய கடனை மாதாமாதம் கழிக்கிறேன். ஏழாவது கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் படிப்பேன்.

ஜகபர் அலி


உ
விழுப்புரம்
6-1-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டேன். நலம் விசாரித்து ஆரம்பிக்கத் தோன்றவில்லை.

அன்று எனக்கு மறக்கவில்லை. மானேஜர் உங்களைக் கூப்பிட்டு அனுப்பியபோதே எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட சீட்டு என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. பன்னிரண்டு பெட்டியையும் லாரி டிரைவரிடம் ரசீது வாங்காமல் ஏற்றிவிட்டேன். கடலூர் டீலர் பத்து பெட்டிதான் வந்தது என்றான். சீட்டை வெளியே எடுத்தால் அந்த இரண்டு பெட்டிக்கு என்னைக் கேட்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்படியே இரண்டு வருடம் போய்விட்டது.

இன்று காலை ஏழாவது கட்டத்தை நீங்கள் எழுதிக் கொடுத்த வார்த்தைகளிலேயே டைப் அடித்தேன். பின்பக்கம் தொடர வேண்டி வந்தது. சீட்டின் நகலையும் சேர்த்து மானேஜரிடம் கொண்டுபோனேன்.

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமா? இதுல கையெழுத்துப் போட்டா நான் பொய்யா ஆள நிறுத்துனேன்னு ஆவுது" என்றார்.

"பொய் சொன்னது நீங்க இல்ல சார், நான்" என்றேன்.

"அப்ப நீயே போட்டுக்கோ. அப்பறம் என்னாண்ட வராத" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

நானே போட்டேன். டிரஸ்டுக்குச் செயலாளர் கையெழுத்து போதும். மானேஜர் கையெழுத்து வழக்கம்தான், விதி இல்லை. இதுவும் எனக்கு முதலிலேயே தெரியும்.

பாரம் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடுங்கள். பிடித்தம் எதுவும் இல்லாமல் காசோலை வரும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் கேட்கவில்லை.

செல்லப்பன்


786
செஞ்சி
20-1-1986

தம்பி செல்லப்பனுக்கு,

பாரம் கிடைத்தது. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தில் 'நிறுத்தப்பட்டார்' என்பதற்குப் பிறகு புள்ளி விட்டுப்போயிருந்தது. பேனாவால் வைத்திருக்கிறேன்.

ஒரு வருடமாக இந்த இரண்டு வரியைத்தான் கேட்டேன். வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். அசீசுன்னிசாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டுவதாக இருந்தேன். வேறு ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

பாரத்தைப் பஷீர் அகமதுவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நான் எப்பவும் உங்கள சந்தேகப்பட்டதில்ல மச்சான்" என்றான். சாயந்திரம் கல்லாச் சாவியை என் கையில் கொடுத்தான். வாங்கி ஆணியில் மாட்டினேன்.

உன் கடிதத்தைச் சாகிராவிடம் காட்டவில்லை. உன்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

ஜகபர் அலி


உ
விழுப்புரம்
8-4-1986

அன்புள்ள அண்ணனுக்குச் செல்லப்பன் வணக்கம்.

காசோலை வந்து சேர்ந்திருக்கும். ஒரு கார்டு போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பரவாயில்லை.

என்னை இந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். எனக்கும் அதே பாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். என் பாரத்தில் குறி போட ஆள் இல்லை.

ஏழாவது கட்டத்தில் உடல்நலக் குறைவு என்று எழுதச் சொல்கிறார் மானேஜர். "மரியாதையா போன மாதிரி இருக்கும், உனக்குத்தான் நல்லது" என்கிறார். எனக்கு இங்கே பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. எந்தக் காரணத்தை எழுதினாலும் வரி கிடையாது.

நான் என்ன எழுதட்டும் அண்ணே? நீங்கள் சொன்னால் எழுதுகிறேன்.

செல்லப்பன்


786
செஞ்சி
12-4-1986

தம்பி செல்லப்பனுக்கு,

காசோலை வந்தது. கடனை அடைத்தேன். மீதி போஸ்ட் ஆபீசில் சாகிரா பேரில் இருக்கிறது.

வரி கிடையாது என்றால் பொய்யும் தேவையில்லை. 'அலுவலகத்தின் தவறை எழுத்தில் ஒத்துக்கொண்டதால் விலகச் சொன்னார்கள்' என்று எழுது. சின்ன எழுத்தாக எழுதினால் கட்டத்துக்குள்ளேயே அடங்கும். நான் அளந்து பார்த்தேன்.

உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இல்லாத வியாதியை எழுதாதே.

ஜகபர் அலி


உ
விழுப்புரம்
2-5-1986

அண்ணனுக்கு,

உடல்நலக் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கம்பெனியில் விசாரிப்பார்கள். அப்பன் ஏன் வேலையை விட்டான் என்று கேட்பார்கள். நீங்கள் சொன்ன வரியைத் தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு தடவை என்னால் முடிந்தது. இன்னொரு தடவை முடியவில்லை.

நேற்றிலிருந்து வீட்டில் இருக்கிறேன். இந்தக் கார்டுக்கு நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்று தெரியும். தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

செல்லப்பன்


786
செஞ்சி
6-5-1986

தம்பி செல்லப்பனுக்கு,

உன் கார்டு கிடைத்தது. நான் சொன்னதை நீ எழுதவில்லை. அது சரிதான் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். கேட்காதே.

ஆனால் கம்பெனிக் காகிதத்தில் இப்போது உனக்கு உடம்பு சரியில்லை என்று இருக்கிறது. உன் கையெழுத்தும் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் கடமை. அவன் வேண்டியவனா வேண்டாதவனா என்று அதில் பார்ப்பதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மூன்று மணி பஸ்ஸில் புறப்படுகிறேன். சாகிராவும் வருகிறாள். நோயாளியிடம் அதிக நேரம் உட்காரக் கூடாது, வழக்குப் பேசவும் கூடாது. அதனால் கால் மணி நேரம்தான். நான் எதையும் கேட்கமாட்டேன், நீயும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மீனம்பாளிடம் சமைக்க வேண்டாம் என்று சொல். சாத்துக்குடி வாங்கி வருகிறேன்.

நாங்கள் வரும்போது நீ படுத்திருக்க வேண்டும்.

ஜகபர் அலி